மூச்சும் மூளையும்: மலையக முதியோரின் நினைவாற்றலைப் பேணுவது எவ்வாறு?

மத்திய மலைநாட்டின் தேயிலைப் பிரதேசங்களுள் ‘தங்கப் பள்ளத்தாக்கு’ எனப் பெயர் பெற்றது பொகவந்தலாவை. நோர்வூட் வழியாக ஹட்டனுடன் இணையும் இப்பிரதேசத்தின் தோட்டங்களில், முப்பது நாற்பது ஆண்டுகள் கொழுந்து கொய்தும் கவ்வாத்து வெட்டியும் உழைத்துக் களைத்தவர்கள் இன்று ஓய்வுபெற்று லயன் அறைகளில் வாழ்கின்றனர். பிள்ளைகளுட் பலர் தொழில் தேடிக் கொழும்புக்கும் ஏனைய நகரங்களுக்கும் சென்றுவிட்டனர். ஊழியர் சேமலாப நிதியும் சேவைக்காலப் பணமும் ஒரு தடவை கைக்கு வந்து செலவாகிவிட, மாதாந்த ஓய்வூதியம் எதுவுமின்றிக் காலம் தள்ளும் இம்முதியோரின் உடல்நலம் குறித்து அவ்வப்போது பேசப்படுகின்றது. அவர்களது மூளையின் நலம் குறித்தோ எவரும் பேசுவதில்லை. வைத்த பொருளை மறப்பது, பேரப்பிள்ளையின் பெயரை மாற்றி அழைப்பது, நன்கு பழகிய பாதையில் வழி தவறுவது ஆகிய அனைத்தும் “வயது போனால் அப்படித்தான்” என்ற ஒரே வாக்கியத்தினுள் அடக்கப்பட்டுவிடுகின்றன.

அண்மைக் காலமாக, மனவிழிப்புநிலைப் பயிற்சியும் மூச்சுப் பயிற்சியும் முதியோரின் மூளைநலத்தைக் காக்கும் என்ற செய்தி பரவலாகப் பேசப்படுகின்றது. செலவற்றதும் எவரும் எங்கிருந்தும் செய்யக்கூடியதுமான ஒரு பயிற்சி என்ற வகையில், வசதி குறைந்த தோட்டப்புற மக்களுக்கு இது மிகவும் பொருத்தமானதாகத் தோன்றுவது இயல்பே. எனினும் இப்பயிற்சி எதனைச் செய்யும், எதனைச் செய்யாது என்பதைத் தெளிவாக அறிந்துகொள்ளாமல் அதனை நம்பியிருப்பது ஆபத்தாகவும் முடியலாம். எனவே இவ்விடயத்தைச் சற்று ஆழமாக நோக்குவது அவசியமாகின்றது.

முதுமையடையும் சமூகம்

இலங்கையின் சனத்தொகை வேகமாக முதுமையடைந்து வருகின்றது. 1981ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டில் 60 வயதும் அதற்கு மேற்பட்டோரும் மொத்தச் சனத்தொகையில் 6.6 வீதமாக இருந்தனர். 2012ஆம் ஆண்டில் இது 12.4 வீதமாக உயர்ந்தது. முதுமை கூடும்போது டிமென்சியா எனப்படும் மறதிநோயும் கூடுகின்றது. ராகமைப் பகுதியில் மேற்கொள்ளப்பட்டு 2003ஆம் ஆண்டில் வெளியான ஆய்வொன்று, 65 வயதுக்கு மேற்பட்டோரில் ஏறத்தாழ 4 வீதமானோருக்கு மறதிநோய் இருந்ததை வெளிப்படுத்தியது. உலக சுகாதார நிறுவனத்தின் கணிப்பின்படி 2021ஆம் ஆண்டில் உலகெங்கும் 5 கோடியே 70 இலட்சம் பேர் இந்நோயுடன் வாழ்ந்தனர். இவர்களுள் 60 வீதத்துக்கும் அதிகமானோர் குறைந்த, நடுத்தர வருமானம் பெறும் நாடுகளைச் சேர்ந்தவர்கள் என்பது குறிப்பிடத்தக்கது.

இங்கு ஒரு வேறுபாட்டை மனங்கொள்ள வேண்டும். முதுமையில் ஞாபகம் சற்று மந்தமடைவது இயற்கை. மூக்குக் கண்ணாடியை எங்கே வைத்தோம் என மறந்து, பின்னர் நினைவுக்குக் கொண்டுவருவது நோயன்று. கண்ணாடி எதற்கானது என்பதே விளங்காமற் போவது, சோறு உண்டதை மறந்து மீண்டும் மீண்டும் கேட்பது, நாள், இடம் தெரியாது தடுமாறுவது, வழமையான சமையலைச் செய்ய இயலாது போவது, குணவியல்பு திடீரென மாறுவது ஆகியன வைத்தியரிடம் காட்டப்பட வேண்டிய அறிகுறிகளாகும். மறதியைத் தோற்றுவிக்கும் காரணங்களுட் சில குணப்படுத்தக்கூடியவை. தைரொயிட் சுரப்பிக் குறைபாடு, விற்றமின் பி12 குறைபாடு, மனச்சோர்வு, சில மருந்துகளின் பக்கவிளைவு என்பன அவற்றுட் சில. “வயது போனால் அப்படித்தான்” என இருந்துவிடுவதால், குணப்படுத்தக்கூடிய நோயாளரும் கைவிடப்படுகின்றனர்.

மூச்சு மூளையை எவ்வாறு தொடுகின்றது?

மனித மூளை உடல் நிறையில் ஏறத்தாழ 2 வீதமே. ஆயினும் உடல் ஓய்வில் இருக்கையில் பயன்படுத்தும் ஒட்சிசனில் ஏறத்தாழ ஐந்திலொரு பங்கை அதுவே எடுத்துக்கொள்கின்றது. இந்த ஒட்சிசனை மூளைக்குக் கொண்டுசெல்பவை நுண்ணிய குருதிக் கலன்கள். ‘பிரஷர்’ எனப் பேச்சுவழக்கில் குறிப்பிடப்படும் உயர் குருதி அமுக்கம், நீரிழிவு, புகைத்தல் ஆகியன இக்கலன்களை ஆண்டுக்கணக்காக மெல்ல மெல்லச் சிதைக்கின்றன. மூளையின் நலம் குருதிக் கலன்களின் நலத்தில் பெரிதும் தங்கியுள்ளது எனலாம். 2019ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்காவில் 9,000இற்கும் அதிகமானோரிடையே நடைபெற்ற ஆய்வொன்றின் முடிவுகள் வெளியாகின. குருதி அமுக்கத்தை இறுக்கமாகக் கட்டுப்படுத்தியவர்களிடையே, மறதிநோய்க்கு முந்திய கட்டமான இலேசான அறிதிறன் குறைபாடு குறைவாகவே தோன்றியமை அதில் தெரியவந்தது.

நாம் ஓய்வாக இருக்கும்போது நிமிடத்துக்கு 12 முதல் 20 தடவை வரை மூச்சு விடுகின்றோம். பதற்றமும் அச்சமும் ஏற்படும்போது மூச்சு மேலோட்டமாகவும் விரைவாகவும் ஓடுகின்றது. உடலின் பெரும்பாலான உள்ளியக்கங்கள் நம் விருப்பத்துக்குக் கட்டுப்படாதவை. இதயத்தை மெதுவாகத் துடிக்குமாறு நாம் கட்டளையிட முடியாது. மூச்சு மட்டும் தானாகவும் ஓடும். நாம் விரும்பினால் நம் வழிக்கும் வரும். நிமிடத்துக்கு ஆறு தடவை என்ற அளவில் அதனை மெதுவாக்கும்போது, மூளையிலிருந்து இதயத்துக்கும் வயிற்றுக்கும் செல்லும் வேகஸ் நரம்பின் செயற்பாடு வலுப்பெறுகின்றது. குருதி அமுக்கத்தை உணர்ந்து சரிசெய்யும் உடலின் இயல்பான பொறிமுறையும் அவ்வேளையில் மூச்சின் தாளத்துடன் இசைந்து இயங்குகின்றது. இதனால் இதயத் துடிப்பு அமைதியடைகின்றது. குருதி அமுக்கமும் ஓரளவு தணிகின்றது.

மனவிழிப்புநிலை என்பது இதற்கு அடுத்த படி. கடந்துபோனதை நினைத்துக் கவலையுறாமலும், வரப்போவதை எண்ணி அஞ்சாமலும், இக்கணத்தில் நிகழ்வதைத் தீர்ப்புக் கூறாது கவனிப்பதே இதன் சாரம். மூச்சு எப்போதும் நிகழ்காலத்திலேயே இருப்பதால், அதுவே கவனத்தைக் கட்டிவைக்கும் தறியாகின்றது. இப்பயிற்சியின் வேர்கள் நம் மண்ணுக்குப் புதியவையல்ல. மூச்சைக் கவனிக்கும் தியானம் பௌத்த மரபில் தொன்மையானது. திருமூலரின் திருமந்திரம் பிராணாயாமத்துக்குத் தனிப்பகுதியையே ஒதுக்கியுள்ளது. ஜேர்மனியிற் பிறந்து கண்டியின் வனத் துறவுமடத்தில் வாழ்ந்து 1994இல் மறைந்த ஞானபோனிக தேரர், பௌத்தத்தின் இத்தியான முறையை மேலைநாட்டாருக்கு விளக்கியவர்களுள் முதன்மையானவர். 1979ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்காவின் மசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜோன் கபட்-சின் என்பார் இதனைச் சமயச் சார்பற்ற எட்டு வாரப் பயிற்சியாக வடிவமைத்து, நாட்பட்ட நோயாளருக்குப் பயிற்றத் தொடங்கினார்.

ஆய்வுகள் கூறுவது என்ன?

இப்பயிற்சிகள் முதியோரின் ஞாபக சக்தியை வளர்க்கும் என்ற கூற்று கடுமையான பரிசோதனைக்கு உட்படுத்தப்பட்டுள்ளது. ஐக்கிய அமெரிக்காவில் 65 முதல் 84 வயது வரையான, ஞாபகக் குறைவை உணர்ந்தாலும் மறதிநோய் இல்லாத 585 பேரிடையே நடைபெற்ற ஆய்வொன்றின் முடிவுகள் 2022ஆம் ஆண்டு டிசெம்பரில் வெளியாகின. ஒரு பிரிவினருக்கு மனவிழிப்புநிலைப் பயிற்சியும், இன்னொரு பிரிவினருக்கு உடற்பயிற்சியும், மற்றொரு பிரிவினருக்கு இரண்டும், எஞ்சியோருக்குச் சுகாதாரக் கல்வி மட்டும் வழங்கப்பட்டன. ஆறு மாதங்களின் பின் சோதித்தபோது, சுகாதாரக் கல்வி பெற்றோரைவிட ஏனையோரின் ஞாபக சக்தி மேம்பட்டிருக்கவில்லை. பிரான்ஸில் 18 மாதங்கள் நீடித்த மற்றுமோர் ஆய்வும் அதே ஆண்டில் வெளியானது. தியானம் பழகிய முதியோரின் மூளையில், ஆய்வாளர் எதிர்பார்த்த பகுதிகளின் பருமனிலோ குருதியோட்டத்திலோ குறிப்பிடத்தக்க மாற்றம் தென்படவில்லை. ஆயினும் கவனத்தை ஒருமுகப்படுத்தல், உணர்ச்சிகளைக் கையாளல் ஆகியவற்றில், வேற்றுமொழி கற்ற பிரிவினரைவிட அவர்கள் முன்னேற்றம் கண்டனர்.

மறுபுறம், 2023ஆம் ஆண்டில் தென் கலிபோர்னியப் பல்கலைக்கழக ஆய்வாளர் வெளியிட்ட முடிவு நம்பிக்கை தருவதாக அமைந்தது. ஐந்து எண்ணும் வரை மூச்சை உள்ளிழுத்து, ஐந்து எண்ணும் வரை வெளிவிடுமாறு, நாளுக்கு இரு தடவை 20 நிமிடங்கள் வீதம் நான்கு வாரங்கள் பயின்றோரின் குருதியில் அமைலொயிட் பீற்றா என்னும் புரதத்தின் அளவு குறைந்திருந்தது. அல்சைமர் நோயில் மூளையில் படிவது இதே புரதமாகும். ஆனால் இவ்வாய்வில் பங்குபற்றியோர் 108 பேர் மட்டுமே. குருதியில் ஏற்பட்ட இம்மாற்றம் எதிர்காலத்தில் நோயைத் தடுக்கும் என்பது இன்னும் நிரூபிக்கப்படவில்லை.

எனவே மூச்சுப் பயிற்சி மறதிநோயைக் குணப்படுத்தும் என்றோ, முற்றாகத் தடுக்கும் என்றோ எவராவது கூறுவாராயின் அதனை ஏற்க வேண்டியதில்லை. அவ்வாறாயின் இதனால் பயன் யாது? 2014ஆம் ஆண்டில் 47 ஆய்வுகளைத் தொகுத்து நோக்கிய மதிப்பீடொன்று, இத்தகைய தியானப் பயிற்சிகள் மனப்பதற்றத்தையும் மனச்சோர்வையும் உடல் வலியையும் ஓரளவு குறைப்பதாகக் கண்டது. தூக்கக் குறைபாடுள்ள முதியோரின் தூக்கம் இதனால் மேம்பட்டதை 2015ஆம் ஆண்டின் சிறிய ஆய்வொன்று காட்டியது. மனச்சோர்வும் உயர் குருதி அமுக்கமும் மறதிநோய்க்கான ஆபத்துக் காரணிகள் என்பது உறுதிப்படுத்தப்பட்டுள்ளது. மூச்சுப் பயிற்சி இவ்விரண்டையும் தணிக்க உதவுகின்றது என்ற அளவிலேயே அது மூளைக்குத் துணைநிற்கின்றது. அது துணையே, மாற்றீடன்று.

சமய நம்பிக்கைக்கு முரணானதா?

மலையக நகரங்களில் கோயிலும் பள்ளிவாசலும் தேவாலயமும் விகாரையும் அருகருகே அமைந்திருக்கக் காண்கின்றோம். இப்பயிற்சி பிற சமயத்தின் வழிபாட்டு முறையோ என்ற ஐயம் சிலருக்கு, குறிப்பாக முஸ்லிம் முதியோருக்கு, எழுவது நியாயமானதே. மூச்சை மெதுவாக்குவதற்கு மந்திரமோ உருவமோ சடங்கோ தேவையில்லை. அது நடப்பதைப் போல ஓர் உடற்செயல் மட்டுமே. 2001ஆம் ஆண்டில் பிரித்தானிய மருத்துவ சஞ்சிகையில் வெளியான ஆய்வொன்று இங்கு நினைவுகூரத்தக்கது. இத்தாலியில் 23 பேரைக் கொண்டு நடத்தப்பட்ட அவ்வாய்வில், கத்தோலிக்கரின் ஜெபமாலைச் செபத்தைச் சொன்னபோதும் யோக மந்திரத்தை உச்சரித்தபோதும் மூச்சின் வேகம் நிமிடத்துக்கு ஏறத்தாழ ஆறு தடவையாகக் குறைந்து, இதயத்தின் தாளமும் சீரடைந்தது. வெவ்வேறு சமய மரபுகள் ஒரே உடலியல் உண்மையைத் தத்தம் வழியில் தொட்டுள்ளன என்பதே இதன் பொருள்.

தொழுகையும் திக்ரும் இறைவனுக்குரிய வணக்கங்கள்; அவற்றை உடற்பயிற்சியாகச் சுருக்கிவிட முடியாது. பூசைக்கும் செபத்துக்கும் இது பொருந்தும். ஆயினும் அவசரமின்றி, உள்ளச்சத்துடனும் ஓர்மையுடனும் வணக்கத்தில் ஈடுபடுமாறு எல்லாச் சமயங்களும் வலியுறுத்துகின்றன. அந்த ஓர்மை கைவரப்பெற்ற முதியவருக்கு, மூச்சில் கவனம் வைப்பது கடினமாக இராது. சுபஹுத் தொழுகையின் பின்னரோ, அந்தி விளக்கேற்றிய பின்னரோ பத்து நிமிடங்கள் அமைதியாக அமர்ந்திருப்பது எவரது நம்பிக்கையையும் பாதிப்பதில்லை.

பயிலும் முறை

தரையில் சம்மணமிட வேண்டும் என்ற கட்டாயமில்லை. கொழுந்துக் கூடை சுமந்து தேய்ந்த முழங்கால்களுக்கும் இடுப்புக்கும் அது ஏற்றதன்று. கதிரையிலோ வாங்கிலோ, பாதங்கள் தரையிற் படுமாறு நிமிர்ந்து அமர்ந்தாற் போதும். புகையில்லாத இடமாக இருத்தல் வேண்டும். காலையில் லயத்து இஸ்தோப்பு பொருத்தமானது. ஒரு கையை வயிற்றின் மீது வைத்து, மூக்கினால் மெதுவாக மூச்சை உள்ளிழுக்கையில் வயிறு உயர்வதையும், வெளிவிடுகையில் தாழ்வதையும் உணர வேண்டும். மனதுக்குள் ஐந்து எண்ணும் வரை உள்ளே, ஐந்து எண்ணும் வரை வெளியே என்பது அளவு. ஐந்து இயலாவிடின் மூன்று எண்ணினால் போதுமானது. தொடக்கத்தில் ஐந்து நிமிடங்கள் செய்து, படிப்படியாகப் பத்து, இருபது நிமிடங்களாகக் கூட்டலாம். மனம் அலைந்தால் அது தோல்வியன்று. அலைந்ததை உணர்ந்து மீண்டும் மூச்சுக்குத் திரும்புவதே பயிற்சி.

சில எச்சரிக்கைகள் அவசியம். மூச்சை நெடுநேரம் அடக்குவதோ வேகமாக ஊதுவதோ முதியோருக்கு, விசேடமாக இதயநோயும் உயர் குருதி அமுக்கமும் உடையோருக்கு, உகந்ததன்று. தலைச்சுற்றல் ஏற்படின் உடனே வழமையான மூச்சுக்குத் திரும்ப வேண்டும். ஆஸ்துமா, நாட்பட்ட இருமல் உடையோர் முதலில் வைத்தியரின் ஆலோசனையைப் பெறுதல் நன்று. பயிற்சியால் உடல் இலேசானதாக உணர்ந்து, பிரஷர் மருந்தை நிறுத்திவிடுவது மிகப் பெரிய ஆபத்து. மேலும், 1977, 1983 ஆம் ஆண்டு வன்செயல்களின் கொடுமைகளை நேரிற் கண்டவர்கள் இன்று முதியோராக உள்ளனர். கண்களை மூடி அமைதியில் அமரும்போது பழைய காட்சிகள் மேலெழுந்து அவர்களுட் சிலரை வருத்தக்கூடும். அத்தகையோர் கண்களைத் திறந்தபடி, தனியே அன்றி ஒருவர் துணையுடன் சிறிது நேரம் மட்டும் பயில்வதே சிறந்தது. வருத்தம் மிகுமாயின் நிறுத்திவிட வேண்டும்.

மூச்சை மட்டும் பேசினால் போதுமா?

2024ஆம் ஆண்டில் ‘லான்செட்’ மருத்துவ சஞ்சிகையின் ஆணைக்குழு, மறதிநோய்க்கு ஏதுவான, ஆயினும் மாற்றக்கூடிய 14 காரணிகளைப் பட்டியலிட்டது. அவற்றை வாழ்நாள் முழுவதும் கவனித்தால் உலகின் மறதிநோயாளரில் ஏறத்தாழ 45 வீதமானோரின் நோயைத் தடுக்கவோ பிற்போடவோ கூடும் என்பது அதன் முடிவாகும். குறைந்த கல்வி, கேட்டற் குறைபாடு, பார்வைக் குறைபாடு, உயர் குருதி அமுக்கம், நீரிழிவு, கெட்ட கொலஸ்ட்ரோல், உடற் பருமன், புகைத்தல், மிதமிஞ்சிய மது, உடலுழைப்பின்மை, மனச்சோர்வு, தலைக்காயம், காற்று மாசு, சமூகத் தனிமை ஆகியன அப்பட்டியலில் இடம்பெற்றுள்ளன.

இப்பட்டியலைப் பொகவந்தலாவையின் லயத்தில் இருந்தபடி வாசிப்பவருக்கு, அது தம் வாழ்க்கையின் வரலாறாகவே தோன்றக்கூடும். இன்றைய முதியோர் சிறுவராய் இருந்த காலத்தில் தோட்டப் பாடசாலைகள் பெரும்பாலும் ஆரம்ப வகுப்புகளுடன் முடிவுற்றன. அவை அரசாங்கத்தால் பொறுப்பேற்கப்பட்டது 1970களிலேயே. குளிருக்காகக் கதவு யன்னல்களை அடைத்துவிட்டு, புகைபோக்கி இல்லாத அறையில் விறகடுப்பு மூட்டிச் சமைத்த பெண்கள் ஆண்டுக்கணக்கில் புகையையே சுவாசித்தனர். களைப்புக்கு மருந்தெனக் கருதப்பட்ட மதுவும், வெற்றிலையுடன் சேர்ந்த புகையிலையும் குடும்பங்களையும் உடலையும் ஒருங்கே அரித்தன. ஆகவே ‘நன்றாக மூச்சு விடுங்கள்’ எனத் தோட்டத்துத் தாய்மாருக்கு உபதேசிப்பதற்கு முன்னர், அவர்கள் சுவாசிக்கும் காற்று எத்தகையது என்பதை நாம் கேட்டாக வேண்டும். புகைபோக்கியுள்ள அடுப்பு, காற்றோட்டமான வீடு ஆகியனவும் மூளைநலத்துக்கான தேவைகளே.

பல காரணிகளையும் ஒருங்கே கவனித்தால் பயன் கிட்டும் என்பதற்குச் சான்று உண்டு. பின்லாந்தில் 60 முதல் 77 வயது வரையான 1,260 பேரிடையே இரண்டாண்டுகள் நடைபெற்று 2015ஆம் ஆண்டில் வெளியான ஆய்வில், நல்லுணவு, உடற்பயிற்சி, மூளைக்கு வேலை கொடுக்கும் பயிற்சி, குருதி அமுக்கம் முதலியவற்றைக் கண்காணித்தல் ஆகியன இணைந்து அறிதிறனைப் பேணின. ஐக்கிய அமெரிக்காவில் 2,111 பேரிடையே நடைபெற்று 2025ஆம் ஆண்டில் வெளியான ஆய்வும் இதனையொத்த முடிவையே தந்தது. ஒழுங்கான வழிகாட்டலுடன் குழுவாகச் செய்தவர்கள், தாமாகச் செய்தவர்களைவிடக் கூடுதலான பயனைப் பெற்றனர்.

செய்யக்கூடியவை

குழுவாகச் செய்தல் என்பதே இங்கு கவனிக்க வேண்டிய அம்சம். 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகளைப் பாதுகாக்கும் சட்டத்தின் மூலம் முதியோருக்கான தேசிய சபை உருவாக்கப்பட்டது. கிராமிய மட்டத்தில் முதியோர் சங்கங்களும் இயங்குகின்றன. இவற்றைத் தோட்டப் பிரிவுகளிலும் உயிர்ப்புடன் இயங்கச் செய்ய வேண்டும். வாரத்தில் ஒரு நாள் தோட்டத்துச் சமூக மண்டபத்திலோ கோயில் மண்டபத்திலோ பள்ளிவாசல் வளவிலோ முதியோர் கூடினால், பத்து நிமிட மூச்சுப் பயிற்சி, சிறு நடை, பழங்கதை, பாட்டு, குருதி அமுக்கப் பரிசோதனை என்பன ஒரே அமர்வில் நிறைவேறும். இதற்குப் பெருநிதி தேவையில்லை. தோட்ட வைத்திய உதவியாளர் ஒருவரும், பயிற்சி பெற்ற இளைஞர் இருவரும் போதும். தனிமையை வெல்வதே இக்கூடலின் முதற்பயனாக அமையும்.

மறதியின் அறிகுறிகள் தென்படும் முதியவரைப் பொகவந்தலாவை வைத்தியசாலைக்கோ, இந்திய உதவியுடன் புதிதாகக் கட்டப்பட்டு 2017ஆம் ஆண்டு மே மாதம் திறந்துவைக்கப்பட்ட டிக்கோயா ஆதார வைத்தியசாலைக்கோ அழைத்துச் செல்லலாம். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற தொலைபேசி இலக்கத்திலும் ஆலோசனை பெறலாம். நோயுற்றவரைப் பராமரிக்கும் மகளுக்கும் மருமகளுக்கும் ஆறுதல் தேவை என்பதை மறத்தலாகாது. பகலில் மலையில் கொழுந்து கொய்து, இரவில் உறங்காத முதியவரைக் காத்திருக்கும் அப்பெண்களுக்கே இப்பயிற்சி முதலில் கற்பிக்கப்பட வேண்டும் என்றாலும் மிகையன்று.

இந்நாட்டின் பொருளாதாரத்தைத் தம் தோளிலும் தலையிலும் சுமந்த ஒரு தலைமுறை, தன் நினைவுகளை இழந்து மறைவதற்கு நாம் இடமளிக்கலாகாது. அவர்களது நினைவுகளிலேயே மலையகத்தின் எழுதப்படாத வரலாறு உள்ளது. அடுத்த கிளினிக் நாளில் வீட்டு முதியவரை அழைத்துச் சென்று அவரது பிரஷரை அளந்து வாருங்கள். அன்று மாலை இஸ்தோப்பில் அவருடன் பத்து நிமிடங்கள் அமைதியாக அமர்ந்து, சேர்ந்தே மூச்சு விடுங்கள். அதன் பின் அவர் சொல்லத் தொடங்கும் கதையை, அவசரப்படுத்தாமல் கேட்டிருங்கள்.